அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பேஸ்பால் மைதானத்துக்கு வெளியே ஆட்டக்காரர் ராபர்ட்டோ கிளமென்டேக்கு ஏன் சிலை? நிறைய ரன் எடுத்ததற்காகவா?

ஆட்டம் ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டும் இல்லை. கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்த கிளமென்டே அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் லீக்கில் 1955 முதல் 1972 வரை பிட்ஸ்பர்க்கின் பைரேட்ஸ் அணி ஒன்றுக்காக மட்டுமே ஆடினார், சரியாக 3000 ஹிட் (பந்தை அடித்துவிட்டு ஆட்டமிழக்காமல் முதல் தளத்தையாவது எட்டுவது) எடுத்தார். 1972 டிசம்பரில் நிகரகுவா தலைநகர் மனாகுவாவை நிலநடுக்கம் சிதைத்தபோது, அனுப்பிய நிவாரணப் பொருட்கள் மக்களிடம் போய்ச் சேரவில்லை என்று கேள்விப்பட்டு, தானே கூட இருந்தால் யாரும் கைவைக்க மாட்டார்கள் என்று டிசம்பர் 31 இரவு விமானம் ஏறினார். அது கடலில் விழுந்தது, அவர் உடல் கிடைக்கவே இல்லை. பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர, ஆட்டத்தை விட்டபின் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும் என்ற விதியை அவருக்காகத் தளர்த்தி 1973லேயே சேர்த்தார்கள்.

சிலை முதலில் 1994இல் பழைய த்ரீ ரிவர்ஸ் மைதானத்தில் திறக்கப்பட்டது, அப்புறம் 2001இல் புதிய பிஎன்சி பார்க்குக்கு வந்தது. பந்தை அடித்துவிட்டு ஓடத் தொடங்கும் நொடியை அதில் வடித்திருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது பீடம்தான்: அவர் ஆடிய மைதானங்களின் மண்ணை, புவேர்ட்டோ ரிக்கோ மண் உட்பட, அதற்குள் வைத்திருக்கிறார்கள். எங்கிருந்து வந்தார் என்பதையும் சேர்த்து மதிப்பது அபூர்வம், அதனால்தான் அமெரிக்க மைதானச் சிலைகளில் இதை முதலிடத்தில் வைப்பேன்.

உள்ளே போனால், அவர் ஆடிய நாட்களில் காத்துநின்ற இடமான வலதுபுறத்தில் எல்லைச் சுவரின் உயரம் 21 அடி. அவருடைய சட்டை எண் 21. பக்கத்தில் ஆற்றைக் கடக்கும் பாலத்துக்கும் அவர் பெயர்தான்.