கோலார் தங்கவயலில் வீடு வாங்கலாமா? சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது?

வாங்கலாம், ஆனால் மண் யாருடையது என்று முதலில் பாருங்கள். சுரங்கம் 2001-இல் மூடப்பட்டாலும், தொழிலாளர் குடியிருப்புகள் இருக்கும் நிலத்தில் பெரும்பகுதி மத்திய அரசின் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்துடையது. அங்கே ஒரு லைன் வீட்டை (தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய வீடு) வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கொடுத்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் கை வைக்காதீர்கள். தங்கவயலின் நகரப் பகுதியான ராபர்ட்சன்பேட்டையில் நகரசபைக் காத்தா (சொத்து வரிக்கான பதிவு) உள்ள மனையாகத் தேடுங்கள். வில்லங்கச் சான்றை வக்கீலிடம் காட்டிவிடுங்கள். அப்புறம் சயனைடு மேடுகள். தங்கம் பிரித்த பிறகு கொட்டிய கழிவு, குன்று குன்றாக நிற்கிறது. காற்றுக் காலத்தில் அந்தத் தூள் ஜன்னல் விளிம்பு வரை வந்து படியும். காற்றடிக்கும் நாளில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சுற்றுவதற்கு பங்காருபேட்டையில் இருந்து மாரிக்குப்பம் போகும் ரயிலே போதும். ஊர்காம், சாம்பியன் என்று நிலையப் பெயர்களே சுரங்கப் பெயர்கள்தான். 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கத்துக்குள் இப்போது இறங்க முடியாது. சுரங்க வாயின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரங்களைத் தள்ளி நின்று பார்க்கலாம். வட ஆற்காட்டில் இருந்து வந்த சுரங்கத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் நிறைய பேர் இன்னும் அங்கேதான். தமிழிலேயே வழி கேட்கலாம்.