ஆபீஸ் அண்ணாச்சி: கேள்வி பதில்

கேள்வி: அண்ணாச்சி, ஒரகடத்துல ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில குவாலிட்டில இருக்கேன். எங்க ஜப்பான் அட்வைசர்கிட்ட செக்கிங் பிக்ஸ்சர, அதான் பார்ட்ட பிடிச்சு வெச்சு அளவு பாக்குற சாதனத்த, மாத்தணும்னு மீட்டிங்ல ஸ்லைடு போட்டு காமிச்சேன். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் "ஹை, ஹை"னு (ஜப்பான் பாஷைல "ஆமா") தலையாட்டினாரு. சரி ஓகே சொல்லிட்டாருன்னு வெண்டருக்கு ட்ராயிங் அனுப்பிட்டேன். இப்ப என்னடான்னா "யாரைக் கேட்டு அனுப்பினாங்க"ன்னு என் மேனேஜர்கிட்ட கேட்டிருக்காரு. முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு பேசுறவங்களோட எப்படி வேலை பாக்குறது? (பேர் வேண்டாம்)

பதில்: தம்பி, அவர் ஒண்ணுதான் பேசினாரு, நீதான் அதை ரெண்டா கேட்டுட்ட. பாட்டி கதை சொல்றப்ப "ம்... ம்"னு கொட்டுவோமே, அதுக்காக ராஜாவுக்கு ஏழு தலைன்னு நாம ஒத்துக்கிட்டோமா என்ன? அந்த "ஹை" பாதி நேரம் அப்படித்தான், கேட்டுட்டு இருக்கேன் மேல சொல்லுன்னு அர்த்தம். இதுக்கு அவங்க பாஷைல ஐசுச்சின்னு பேரு, பட்டறையில ரெண்டு கொல்லருங்க மாத்தி மாத்தி சம்மட்டி போடுவாங்கல்ல, அதுல இருந்து வந்த வார்த்தை. நானும் இதே குழில விழுந்தவன்தான், சொன்னா வெக்கக்கேடு, ரெண்டு தடவ.

முடியாதுன்னு அவங்க நேரா சொல்றது ரொம்ப அபூர்வம். பல்லு இடுக்குல ஸ்ஸ்ஸ்னு காத்த இழுத்து, "சோத்தோ...", அதாவது "கொஞ்சம்..."னு பாதியில நிறுத்தினா அது முடியாது. "முசுகாஷீ"ன்னா கஷ்டம்னு டிக்‌ஷனரில இருக்கும், நமக்கு கஷ்டம்னா பாத்துக்கலாம் சார்னு எறங்கிடுவோம், அவங்க சொன்னா அந்தப் பேச்ச அதோட விட்டுடு. "பரிசீலிக்கிறோம்"னு இன்டர்பிரட்டர் சொன்னாலும் பெரும்பாலும் அதே கதைதான்.

உன் நெஜமான தப்பு வேற எடத்துல இருக்கு. முடிவு மீட்டிங்ல எடுப்பாங்கன்னு நெனச்ச பாரு, அதுதான். அங்க மீட்டிங்கறது நிச்சயதார்த்தம் மாதிரி, பேச்சுவார்த்தை எல்லாம் முன்னாடியே வீடு வீடா முடிஞ்சிருக்கணும். நெமவாஷின்னு சொல்லுவாங்க, மரத்த வேற எடத்துல நடுறதுக்கு முன்னாடி சுத்தி மண்ணத் தோண்டி வேர பக்குவப்படுத்துற வேலை. அடுத்த தடவ 20 ஸ்லைடு வேணாம், ஒரே ஒரு ஏ3 ஷீட், பிரச்சனை என்ன, காரணம் என்ன, என்ன பண்ணப் போறோம், அவ்ளோதான். அதை எடுத்துட்டு அவர லைனுக்கே கூட்டிட்டுப் போய் பழைய பிக்ஸ்சர்ல பார்ட் எங்க ஆடுதுன்னு கைல தொட்டுக் காட்டு. அப்பறம் ப்ரொடக்‌ஷன், மெயின்டனன்ஸ்னு தனித்தனியா பேசிட்டு கடைசில மீட்டிங் போடு, பத்தே நிமிஷத்துல முடியும்.

இன்னொண்ணும் சொல்றேன் கோச்சுக்காத. நம்ம "ஆயிடும் சார்" இருக்கே, அவங்கள அழ வைக்கிறது அதுதான். தலைய வேற பக்கவாட்டுல ஆட்டுவோம், அது ஆமாவா இல்லையான்னு தெரியாம பாவம் முழிப்பாங்க. 200 பீஸ்ல 140 ஆச்சு, மீதி நாளைக்கு 11 மணிக்குன்னு சொல்லிப் பாரு, மூஞ்சி எப்படி மாறுதுன்னு. வேலை நிலவரத்த மேல சொல்லணும், மத்தவங்களுக்குத் தெரிவிக்கணும், கலந்து பேசணும்னு அங்க புதுசா சேர்ற பசங்களுக்கே ஹோ-ரென்-சோன்னு சொல்லிக் குடுப்பாங்க, அந்த வார்த்தைக்கு பாலக் கீரைன்னும் அர்த்தம், மறக்காது. இப்போதைக்கு வெண்டருக்கு ஹோல்டு மெயில் போட்டுட்டு நாளைக்கு காலைல அவர் டேபிளுக்கு நீயே போ.

கேள்வி: அண்ணா, கோயம்புத்தூர்ல டிசைன் இன்ஜினியரா இருக்கேனுங்க. ஜெர்மனி டீம்ல இருந்து மெயில் வந்தா "இது தப்பு"ன்னு மொத வரியே அப்படித்தான் இருக்கு, ஒரு குட் மார்னிங் கூட இல்லைங்க. நான் என்ன பண்ணிட்டேன்னு தூக்கமே வரமாட்டேங்குது.

பதில்: நல்லா தூங்கும்மா. தப்புன்னு சொன்னது ட்ராயிங்க, உன்னைய இல்ல. நேர்ல போனா அதே ஆளு காபி வாங்கிக் குடுத்து உக்கார வெச்சுப் பேசுவாரு. நீயும் "இந்த டாலரன்ஸ் (அளவுல விடுற ஏத்த இறக்கம்) ஏன் வெச்சேன்னா"ன்னு காரணத்த நேரா எழுது, சண்டைக்கு வர்றான்னு நெனைக்க மாட்டாங்க, மதிப்பு கூடத்தான் செய்யும். சாயங்காலம் வேலை முடிஞ்ச நேரத்துக்கு ஃபையராபெண்ட்னு ஒரு வார்த்தையே வெச்சிருக்காங்க, அதுக்கு மேல போன் மட்டும் அடிச்சிடாத. அப்பறம் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அங்க கடிகாரத்த மாத்துவாங்க, நாலரை மணி வித்தியாசம் மூணரை ஆகும், திரும்ப நாலரை ஆகும், மீட்டிங் டைம ஒரு தடவ பாத்துக்கோ.

கேள்வி: ஜப்பான் சார பேர் சொல்லிக் கூப்பிடலாமா?

பதில்: குடும்பப் பேரோட "சான்" சேத்துக் கூப்பிடுங்க, எம்டில இருந்து ஆப்பரேட்டர் வரைக்கும் அது செல்லும். உங்கள நீங்களே அறிமுகப்படுத்திக்கும்போது மட்டும் போட்டுடாதீங்க, "நான் முருகன் சார் பேசுறேன்"னு போன எடுக்குற மாதிரி இருக்கும்.