படிக்க உட்கார்ந்தால் மட்டும் எல்லாரும் கூப்பிடுகிறார்கள்

கேள்வி: எனக்கு 48 வயது. தஞ்சாவூர்ப் பக்கம் சொந்த ஊர். கல்யாணமாகி சிங்கப்பூர் வந்து, இப்போது உட்லண்ட்ஸில் ஐந்தறை வீட்டில் இருக்கிறோம். ராஃபிள்ஸ் பிளேஸில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மகன் கட்டாய தேசிய சேவையில் இருக்கிறான், மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறாள். மாமியாரும் எங்களுடன்தான். ஊரில் இருந்தபோது எங்கள் கிளை நூலகத்தில் நான் எடுக்காத கதைப் புத்தகம் கிடையாது. அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் படித்து, அம்மாவிடம் திட்டு வாங்குவேன். இப்போது ஒவ்வொரு ஜனவரியிலும் எக்செலில் இலக்குகள் போடுகிறேன்: வருடத்துக்கு 50 புத்தகம், தினமும் 10,000 அடி நடை, பகுதிநேரப் பட்டப்படிப்பு, வீணை வகுப்பு. சீனப் புத்தாண்டு முடிவதற்குள் எல்லாம் நின்றுவிடுகிறது. இரவு பத்தரைக்கு மேல் புத்தகத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு படுத்தால் இரண்டு பக்கத்தில் கண் சொருகுகிறது. அதற்குப் பிறகு கைப்பேசியை எடுத்தால் பன்னிரண்டு மணி ஆகிவிடுகிறது. ஞாயிறு மதியம் உட்கார்ந்தால் யாராவது கூப்பிடுகிறார்கள். எல்லாரும் சொல்கிறார்களே என்று ஐந்து பாகச் சரித்திர நாவல் ஒன்றைத் தொடங்கித் தொடங்கி விட்டுவிட்டேன். கணவர் சிரித்துக்கொண்டே, "இந்த வயசுல படிச்சு என்ன பண்ணப் போற?" என்கிறார். எனக்கு இருப்பது சோம்பலா, வயதா?

- வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த நான்கு இலக்குகளின் நீளம். நடை, பட்டம், வீணை மூன்றும் ஆளுக்கு இரண்டு மூன்று சொற்களோடு முடிந்துவிட்டன. வாசிப்பைப் பற்றி மட்டும் பால் பொங்கியதுவரை எழுதியிருக்கிறீர்கள். வீணையைப் பற்றி ஒரு ராகத்தின் பெயர்கூட இல்லை. அது யாரோ ஒரு தோழி கற்றுக்கொள்வதைப் பார்த்துப் பட்டியலில் ஏறியிருக்க வேண்டும். தப்பாக நினைக்காதீர்கள், ஜனவரி மாதப் பட்டியல்களில் பாதி அப்படித்தான் ஏறுகின்றன. வீணையை எடுத்துவிடுங்கள். நிஜமாகவே ஆசை இருந்தால் அது தானாகத் திரும்பி வரும்.

நடைக்குத் தனி இலக்கே வேண்டாம். நீங்கள் ரயிலில் வேலைக்குப் போய் வருகிறவர், அதிலேயே கொஞ்சம் நடந்துவிடுகிறீர்கள். அதோடு, அந்த 10,000 என்ற கணக்கு மருத்துவர்கள் கண்டுபிடித்துச் சொன்ன எல்லை அல்ல. 1960களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு வைத்த பெயரிலிருந்து உலகம் முழுக்கப் பரவியது. ஏழாயிரம் நடந்த நாளில் குற்றவுணர்ச்சியோடு படுக்கப் போக வேண்டியதில்லை.

இனி வாசிப்புக்கு வருகிறேன். சோம்பலா, வயதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு பங்கு வயதுதான், ஆனால் நீங்கள் நினைக்கிற விதத்தில் இல்லை. "புத்தகத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் விஷயம். உங்களுக்கு வெள்ளெழுத்து வந்திருக்கிறது. நாற்பதைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கும் வில்லை நெகிழ்ச்சி குறைந்து இறுகத் தொடங்கும், கிட்டத்தில் இருப்பதைக் குவித்துப் பார்க்க அதனால் முடியாது. மங்கிய வெளிச்சத்தில் கண்மணி விரிவதால் எழுத்து இன்னும் கலங்கும். பத்தரை மணிக்கு, படுக்கையறை விளக்கில், சின்ன எழுத்தில் அச்சடித்த புத்தகத்தைப் பிடித்தால் இரண்டு பக்கத்தில் கண் களைத்துப்போகத்தான் செய்யும். அதே கண் கைப்பேசியில் பன்னிரண்டு மணிவரை எப்படித் தாங்குகிறது? அங்கே எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், வெளிச்சமும் உள்ளேயிருந்தே வருகிறது. கைப்பேசி உங்கள் மனத்தைக் கெடுத்துவிட்டது என்று எத்தனையோ பேர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். உங்கள் விஷயத்தில் அதற்கு முன்னால் கண்ணைப் பார்க்க வேண்டும். கடையில் தொங்கும் ஆயத்தக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்ளாமல் முறையாகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நாற்பதுக்கு மேல் கண் அழுத்தத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது. வீட்டில் யாருக்காவது நீரிழிவு இருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம்.

கண்ணாடி வந்த பிறகும் ஞாயிறு மதியப் பிரச்சினை அப்படியே இருக்கும். அதற்குக் காரணம் வேறு.

நீங்கள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது யாரும் உங்களைக் கூப்பிடுவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? கணவர் கால்பந்து பார்க்கும்போது யாரும் அவரை எழுப்புவதில்லை. மகள் மடிக்கணினியோடு உட்கார்ந்தால், "அவ அசைன்மென்ட் பண்றா, தொந்தரவு பண்ணாதீங்க" என்று நீங்களே காவல் காப்பீர்கள். மாமியார் வசந்தம் தொலைக்காட்சியில் தொடர் பார்க்கும் அரைமணி நேரத்தில் குக்கர்கூட மெதுவாகத்தான் விசிலடிக்க வேண்டும். ஆனால் நீங்கள் புத்தகத்தோடு சோபாவில் உட்கார்ந்த அடுத்த நிமிடம், "அம்மா, சும்மாதானே இருக்கீங்க, அந்த சார்ஜர் எங்க?" வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. கையில் புத்தகத்தோடு இருக்கும் அம்மா ஏதோ வேலையில் இருப்பதாக அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இருபது வருடமாக நீங்களும் ஒவ்வொரு முறையும் விரலைப் பக்கத்துக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போய்ச் சார்ஜரை எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். அவர்கள் எப்படிக் கற்றுக்கொள்வார்கள்?

இதைப் பேசித் தீர்க்கலாம் என்று நான் சொல்லப் போவதில்லை. பேசினால் ஒரு வாரம் எல்லாரும் ஓசைப்படாமல் நடப்பார்கள், பிறகு பழையபடி. வீட்டை விட்டு வெளியே போய்ப் படியுங்கள்.

உங்களுக்கு அந்த வசதி வாசலிலேயே இருக்கிறது. உட்லண்ட்ஸ் வட்டார நூலகம் 2001இல் திறந்தது, காஸ்வே பாயிண்ட் கடைத்தொகுதிக்குப் பக்கத்தில், எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். இரவு ஒன்பது மணிவரை திறந்திருக்கும். வேலை முடிந்து ரயிலை விட்டு இறங்குகிறீர்கள் அல்லவா, வாரத்தில் இரண்டு நாள் நேரே வீட்டுக்குப் போகாமல் அங்கே திரும்புங்கள். செவ்வாய், வியாழன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரம் போதும். வீட்டில் அனுமதி கேட்காதீர்கள், தகவல் சொல்லுங்கள்: "செவ்வாயும் வியாழனும் நான் எட்டேகாலுக்குத்தான் வருவேன்." அந்த இரண்டு இரவுகளும் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்ற கேள்வி உடனே வரும். கீழே உணவங்காடி இருக்கிறது, வீட்டில் வளர்ந்த பிள்ளை இருக்கிறாள், கணவருக்கும் தோசைக்கல் எங்கே இருக்கிறதென்று தெரிந்திருக்கும். மாமியாருக்கு மாத்திரை நேரம் என்றால் மகளிடம் ஒப்படையுங்கள். முதல் இரண்டு வாரம் கைப்பேசியில் அழைப்பு வந்துகொண்டே இருக்கும். நூலகத்தில் எடுத்துப் பேச முடியாது என்பது இந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க எனக்குள்ள முக்கியக் காரணங்களில் ஒன்று.

ஓர் எச்சரிக்கை. ஆண்டுக் கடைசித் தேர்வுகள் நெருங்கும் மாதங்களில் நூலக மேசைகளையெல்லாம் மாணவர்கள் பிடித்துவிடுவார்கள். அப்போது சமூக மன்றமோ, புளோக்குக்குக் கீழே இருக்கும் கல் மேசையோ பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் புளோக்காக இருக்க வேண்டாம். லிஃப்டுக்குப் போகிற வழியில் தெரிந்தவர்கள் நின்று பேசுவார்கள்.

மாமியாருக்கு வாசித்துக் காட்டுங்கள், வீட்டிலேயே வாசிப்புச் சூழலை உருவாக்குங்கள் என்றெல்லாம் உங்களுக்கு ஆலோசனை வரும். கேட்க நன்றாக இருக்கும். அதையும் ஏற்றுக்கொண்டால் கடைசியில் அது உங்கள் கடமைப் பட்டியலில் மாத்திரைக்கும் இட்லி மாவுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். மாமியார் ஆசைப்பட்டுக் கேட்டால் பார்க்கலாம்.

என்ன படிப்பது? அந்த ஐந்து பாக நாவலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிடிக்காத புத்தகத்தை மூடிவைக்க உங்கள் வயதில் முழு உரிமை இருக்கிறது. ஊர்க் கிளை நூலகத்தில் நீங்கள் எதைத் தேடித் தேடி எடுத்தீர்களோ, குடும்பக் கதையோ துப்பறியும் கதையோ, அதிலிருந்தே தொடங்குங்கள். முன்பு படித்ததையே திரும்பப் படித்தாலும் குறைவில்லை. இருபது வயதில் கதாநாயகிக்காக அழுதிருப்பீர்கள், இப்போது அவளுடைய அம்மா பேசும் இடத்தில் நிற்பீர்கள்.

காலை ரயிலுக்குச் சிறுகதைதான் சரி. உட்லண்ட்ஸில் ஏறினால் உட்கார இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாவலின் பாத்திரங்களை நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. சிங்கப்பூர்ச் சிறுகதைகளை எடுத்துப் பாருங்கள் என்று குறிப்பாகச் சொல்வேன். இங்கு வந்து இத்தனை வருடம் ஆகியும் நம்மில் பலர் ஊர்க் கதைகளை மட்டுமே படித்துக்கொண்டிருக்கிறோம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரமும் லிட்டில் இந்தியாவின் தேக்கா ஞாயிற்றுக்கிழமையும் தேசிய சேவைக்கு மகனை அனுப்பிய தாயும் தமிழில் எழுதப்பட்டிருக்கிறார்கள். நாட்டின் பொன்விழா ஆண்டான 2015இல், அதற்கு முந்தைய ஐம்பது ஆண்டுகளின் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களைச் சமூகத் தொண்டூழியர்களும் தேசிய நூலக வாரியமும் சேர்ந்து மின்வடிவமாக்கித் தந்தார்கள். நூலக வாரியத்தின் இணையத்தளத்தில் தேடினால் கிடைக்கும். எழுத்தைப் பெரிதாக்கியும் பார்க்கலாம்.

புத்தகங்களை ஒரு தடவைக்கு இரண்டுக்கு மேல் எடுக்காதீர்கள். இரவல் காலம் 21 நாள், எந்தக் கிளையிலும் திருப்பிக் கொடுக்கலாம். எட்டுப் புத்தகத்தை ஒன்றாகத் தூக்கி வந்தால் அவை கட்டில் பக்கத்தில் அடுக்கிக் கிடந்து உங்களையே முறைத்துப் பார்க்கும்.

50 என்ற எண்ணையும் கொஞ்சம் பார்ப்போம். நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர், உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். 250 பக்க நாவல் என்று வைத்தால் 50 புத்தகத்துக்கு 12,500 பக்கம். தீபாவளியன்றும் காய்ச்சல் வந்த அன்றும் சேர்த்து, நாளொன்றுக்கு 34 பக்கம். முழுநேர வேலையும் வீடும் இருக்கிற யாருக்கும் அது பிப்ரவரியில் முறியும். நான் சொல்லும் இரண்டு மாலைகளில் மணிக்கு 40 பக்கம் போனால்கூட வாரத்துக்கு 80, மூன்று வாரத்துக்கு ஒரு நாவல். அதாவது ஓர் இரவல் காலத்துக்கு ஒன்று. வருடத்துக்குப் பதினேழு வருகிறது. எக்செலில் எழுதத்தான் வேண்டும் என்றால் எண்ணிக்கைக்குப் பதிலாக, எந்தப் பக்கத்தில் மூடிவைத்தீர்கள், ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். எனக்கு அந்தக் கோப்பைப் படிக்க ஆசையாக இருக்கும்.

படித்ததைப் பேச ஆள் வேண்டும் என்று தோன்றும் நாள் வரும். நூலகங்களில் தமிழ் வாசகர் சந்திப்புகள் நடக்கின்றன, ஏப்ரலில் தமிழ்மொழி விழாவின்போது நிகழ்ச்சிகளுக்குக் குறைவே இருக்காது. போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். நம்மூர் அமைப்புகளில் தொடர்ந்து நான்கு கூட்டத்துக்கு வருகிறவரைப் பொருளாளர் ஆக்கிவிடுவார்கள். கணக்கு வேலை பார்க்கிறேன் என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

பட்டப்படிப்பு ஒன்று பாக்கி. அது உங்களுக்கு ஆசையா, அலுவலகத்தில் இளையவர்கள் மேலே போவதைப் பார்த்து வந்த பயமா என்று கடிதத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. பயம் என்றால் அதற்கு மருந்து நான்கைந்து வருடப் பட்டமாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் துறையில் குறுகிய படிப்பு ஒன்று போதலாம். நீங்கள் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர் என்றால், 40 வயது நிரம்பியவர்களுக்கு 2024 மே மாதத்தில் அரசாங்கம் தந்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் தொகை உங்கள் கணக்கில் இருக்கும். தேர்ந்தெடுக்கப்பட்ட படிப்புகளுக்கு அதைப் பயன்படுத்தலாம், காலாவதித் தேதி கிடையாது. ஆகையால் இந்த வருடமே சேர்ந்தாக வேண்டும் என்ற அவசரம் இல்லை. மகனின் சேவை முடியட்டும், மகள் படித்து வெளியே வரட்டும், அப்போதும் ஆசை இருக்கிறதா என்று பாருங்கள்.

கணவர் கேட்ட கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பதில் சொல்ல வேண்டாம். படித்து என்ன பண்ணப் போகிறோம் என்று நியாயம் காட்டத் தொடங்கினால், அறிவு வளரும், ஞாபக சக்தி பெருகும் என்று மருந்துக் குப்பியில் எழுதியிருப்பதுபோல ஏதாவது சொல்ல வேண்டி வரும். அவர் கால்பந்து பார்த்து என்ன பண்ணப் போகிறார் என்று நீங்கள் கேட்டதில்லையே. சிரித்துக்கொண்டே கேட்கிறவருக்குச் சிரிப்பே போதும். ஒரு சில மாதம் கழித்து, செவ்வாய்க்கிழமை தானும் நூலகத்துக்கு வருகிறேன் என்று அவரே சொல்லக்கூடும், பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். தாராளமாக வரட்டும். வேறு மேசையில் உட்காரச் சொல்லுங்கள்.