அதிமதுரமும் சிறுகுறிஞ்சானும்: டிரைடெர்பீன் கிளைக்கோசைடுகள் குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: தொண்டைக் கமறலுக்காகச் சில மாதங்களாகத் தினமும் அதிமதுரக் கஷாயம் குடிக்கிறேன். இரத்த அழுத்தம் ஏறியிருப்பதற்கு அது காரணமாக இருக்குமா?

பதில்: இருக்கலாம். கஷாயத்தை நிறுத்திவிட்டு, குடித்துவந்த விவரத்தை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வேரின் இனிப்புக்குக் காரணமான கிளைசிரைசின், டிரைடெர்பீன் என்னும் 30 கரியணுக் கருவோடு, சர்க்கரை வகை அமிலமான குளுக்குரோனிக் அமிலம் இரண்டு இணைந்த கிளைக்கோசைடு, அதாவது சர்க்கரை பிணைந்த சேர்மம். குடல் பாக்டீரியாக்கள் அவ்விரண்டையும் கழற்றிவிட, எஞ்சும் கிளைசிரெட்டினிக் அமிலம் இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் கார்ட்டிசோல் என்னும் ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுக்கிறது. அதனால் கார்ட்டிசோல், உப்பைத் தேக்கும் ஹார்மோனான ஆல்டோஸ்டிரோனின் வேலையைத் தானே செய்யத் தொடங்குகிறது. உப்பும் நீரும் உடலில் தங்க, பொட்டாசியம் சிறுநீரோடு வெளியேறுகிறது. நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுவோருக்குப் பொட்டாசியம் இழப்பு இதயத் துடிப்பையே பாதிக்கும் அளவுக்குப் போகக்கூடும் என்பதால், இதை வெறும் வீட்டு வைத்தியமாக நான் கருதுவதில்லை.

கேள்வி: கிளைசிரைசினைச் செடி எவ்வாறு தயாரிக்கிறது?

பதில்: 30 கரியணுக்கள் கொண்ட ஸ்குவாலீன் சங்கிலியில் முதலில் ஓர் ஆக்சிஜன் ஏறுகிறது. பீட்டா-அமைரின் சின்தேஸ் என்னும் நொதி அதை ஐந்து வளையங்களாக மடிக்கிறது. பிறகு சைட்டோகுரோம் பி450 வகை நொதிகள் இரண்டு, 11ஆம், 30ஆம் கரியணுக்களை ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. ஜப்பானிய ஆய்வாளர்கள் இவற்றை முறையே 2008, 2011ஆம் ஆண்டுகளில் அறிவித்தார்கள். முதல் குளுக்குரோனிக் அமிலத்தைச் சேர்ப்பது எது என்ற கேள்விக்கு 2020இல் கிடைத்த விடைதான் எனக்குப் பெருவியப்பு: வழக்கமாகச் சர்க்கரை சேர்க்கும் நொதிக் குடும்பத்தை விட்டு, செல்சுவருக்குச் செல்லுலோஸ் நெய்யும் நொதிகளின் உறவுக் குடும்பத்திலிருந்து அது வந்திருந்தது.

கேள்வி: தண்ணீர்விட்டான் கிழங்கின் சப்போனின்களும் (நீரில் சோப்புபோல் நுரைக்கும் கிளைக்கோசைடுகள்) டிரைடெர்பீன் வகைதானா?

பதில்: அல்ல, அவை ஸ்டீராய்டு சப்போனின்கள். ஸ்குவாலீன் வரை பாதை ஒன்றே. வளையமாகும் இடத்தில் பிரிந்துவிடுகிறது.

கேள்வி: சிறுகுறிஞ்சான் இலையை மென்றபின் சர்க்கரை மணல்போல் இருக்கிறதே, ஏன்?

பதில்: இலையிலுள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் (இவையும் டிரைடெர்பீன் கிளைக்கோசைடுகளே) நாக்கின் இனிப்பு ஏற்பியில் ஒட்டி அதைத் தற்காலிகமாக முடக்குகின்றன, அரைமணி நேரத்திற்குப் பின் சுவை மெல்லத் திரும்பும். நாக்கில் இனிப்பு மறைவதும் இரத்தத்தில் சர்க்கரை குறைவதும் வெவ்வேறு. இலைப்பொடியை நம்பி நீரிழிவு மாத்திரையை நிறுத்தவும் கூடாது. மருத்துவருக்குத் தெரியாமல் இரண்டையும் சேர்த்தால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும் அபாயமும் உண்டு.