கணினி கேள்வி–பதில்: எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயருக்கு வரவில்லை

கேள்வி: என் மடிக்கணினியில் உபுண்டு 22.04 லினக்ஸ் உள்ளது. வீட்டிலுள்ள பிற கணினிகளுடன் கோப்புகளைப் பகிர்வதற்காக அதற்கு நிலையான ஐபி முகவரி ஒன்றைக் கொடுத்தேன். அன்று முதல் எந்த இணையதளமும் திறப்பதில்லை, ஆனால் கூகுளின் டிஎன்எஸ் சர்வரான 8.8.8.8 முகவரிக்கு பிங் செய்தால் (இணைப்பைச் சோதிக்கும் கட்டளை) பதில் வருகிறது. இடிசி கோப்புறையிலுள்ள ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் அந்த முகவரியை எழுதினால் எல்லாம் சரியாகிறது; கணினியை அணைத்துப் போட்டால் பழைய கதைதான். ஏன்?
– வாசகர், கரூர்

பதில்: பிங்குக்குப் பதில் வருவதால் வைஃபை, ரவுட்டர், இணைய இணைப்பு எதிலும் பழுதில்லை, பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர் எது என்பதுதான் உங்கள் கணினிக்குத் தெரியவில்லை. முகவரியைத் தானாகப் பெறும்போது, ரவுட்டரிலிருந்து டிஎச்சிபி வழியாக ஐபி முகவரியோடு டிஎன்எஸ் சர்வரின் முகவரியும் சேர்ந்தே வரும். நீங்கள் ‘மேனுவல்’ என்று மாற்றியதும் அந்த வரவு நின்றிருக்கும். அதே பக்கத்தில் சற்றுக் கீழேயுள்ள டிஎன்எஸ் கட்டத்தைக் காலியாக விட்டிருப்பீர்கள். டெர்மினலில் ‘ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். வைஃபை இணைப்பின் கீழ் டிஎன்எஸ் சர்வர் என்ற வரியே இல்லையென்றால் காரணம் இதுதான்.

டிஎன்எஸ் சர்வரின் முகவரியைக் குறித்துவைக்கும் ரிசால்வ்.கான்ஃப், உபுண்டுவில் தனிக்கோப்பு அன்று. பெயர் தேடலைக் கவனிக்கும் சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்னும் சேவை ரன் கோப்புறைக்குள் எழுதிவைக்கும் கோப்பை அது சுட்டிக்காட்டுகிறது, அவ்வளவே. ரன் கோப்புறை வட்டில் இல்லை, நினைவகத்தில் இருக்கிறது; ஆகவே கணினி அணையும்போது நீங்கள் எழுதியதும் அழிந்துபோகிறது, மறுபடி தொடங்கும்போது அச்சேவை 127.0.0.53 என்ற தன் முகவரியையே அதில் எழுதிக்கொள்கிறது. திருத்தக் கூடாது என்ற எச்சரிக்கையும் அக்கோப்பின் தலைப்பிலேயே இருக்கிறது. நம்மில் யார் அதைப் படிக்கிறோம்? சுட்டியை நீக்கிவிட்டு நிலையான கோப்பு ஒன்றை வைக்கும்படி சிலர் யோசனை சொல்வார்கள். அப்படிச் செய்தால், விடுதி வைஃபையின் நுழைவுப் பக்கம்கூடத் திறக்காமல் பின்னர் திண்டாட நேரலாம்.

நெட்வொர்க் அமைப்பின் ஐபிவி4 பக்கத்தில், டிஎன்எஸ் கட்டத்தில் ரவுட்டரின் முகவரியையோ, 8.8.8.8, 1.1.1.1 என்று காற்புள்ளியிட்டு இரண்டு முகவரிகளையோ எழுதிச் சேமித்து, இணைப்பை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். முகவரியை மறுபடி ‘தானியங்கி’க்கு மாற்றிவிட்டு, உங்கள் மடிக்கணினிக்கு எப்போதும் ஒரே முகவரியைத் தரும்படி ரவுட்டரிலேயே பதிந்துவைப்பது இதனினும் நல்ல வழி என்பது என் கருத்து.

கேள்வி: டெபியன் 12 லினக்ஸ் பயன்படுத்துகிறேன். எங்கள் இணையதளத்தைப் புதிய சர்வருக்கு மாற்றி ஒரு வாரமாகிறது. டிக் கட்டளை புதிய முகவரியைக் காட்டுகிறது. பிரவுசரோ பழைய சர்வருக்கே போகிறது.
– வாசகி, மதுரை

பதில்: டிக் நேரே டிஎன்எஸ் சர்வரைத்தான் கேட்கும். பிரவுசர் போன்ற நிரல்கள் என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் கோப்பு சொல்லும் வரிசைப்படி, பொதுவாக, பெயர்களையும் அவற்றின் முகவரிகளையும் பட்டியலிடும் ஹோஸ்ட்ஸ் கோப்பை முதலில் பார்க்கின்றன. பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் டிஎன்எஸ் முறையை வடிவமைக்கும் முன்பு, வலைப்பின்னல் முழுவதற்கும் இத்தகைய ஒரே பட்டியல்தான் இருந்தது; அந்த மூத்த பட்டியல் முறைக்கு இன்றும் முதல் மரியாதை. ‘கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்’ கட்டளையோடு தளத்தின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். பழைய முகவரி வந்தால், எப்போதோ சோதனைக்காக எழுதிய வரி இடிசி கோப்புறையிலுள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பில் தங்கியிருக்கக்கூடும். அதை நீக்கிவிட்டு பிரவுசரை மூடித் திறந்தால் போதும்.