யாக்கோபுக்காகவும் ஜெபித்திருப்பார்கள்

அன்புள்ள அக்கா,

பேராக், சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். இனிப்புநீர் முற்றி இரண்டு சிறுநீரகமும் போய், மூன்று வருடம் டயாலிசிஸ் செய்தோம். நான் உபவாசம் இருந்தேன். சபையில் சங்கிலி ஜெபம் வைத்தார்கள். வெளியூரிலிருந்து வந்த ஓர் ஊழியக்காரர் அவர் தலையில் கைவைத்து, "சுகம் கிடைத்துவிட்டது, இனி மெஷின் வேண்டாம், விசுவாசத்தோடு நிறுத்துங்கள்" என்றார். நாங்கள் பயந்து நிறுத்தவில்லை. போன மார்ச்சில் அவர் இறந்துவிட்டார். நிறுத்தியிருந்தால் கர்த்தர் குணமாக்கியிருப்பாரோ என்று ராத்திரியெல்லாம் மனசு அடித்துக்கொள்கிறது. ஜெபக்கூட்டத்தில் ஒருவர் என் காதுபடவே, "அந்த வீட்டில் விசுவாசம் குறைவு" என்றார். ஐந்தாம் படிவம் படிக்கும் மகன், "காது கேட்காத ஆண்டவரிடம் எதற்கும்மா பேசுகிறீர்கள்?" என்கிறான். ஆராதனைக்குப் போகிறேன், பாட்டுக்கு வாய் திறக்கமாட்டேன் என்கிறது. இனி நான் எப்படி ஜெபிக்கிறது?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த மெஷின் விஷயத்தைப் பேசிவிடுவோம். நீங்கள் நிறுத்தாதது சரி. இதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யாதவருக்கு டயாலிசிஸை நிறுத்தினால் பெரும்பாலும் சில நாட்களில், மிஞ்சிப்போனால் சில வாரங்களில் உயிர் போய்விடும். வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம் என்று அவரைக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தீர்கள். உங்கள் மகனுக்கு அப்பா மூன்று வருடம் கூடுதலாகக் கிடைத்தது அதனால்தான். அப்படிச் சொன்ன ஊழியக்காரர் செய்தது பெரிய தப்பு. அவர் சொன்னபடி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்கு யாராவது நேரில் எடுத்துச் சொல்லவேண்டும்.

வேதத்திலேயே பாருங்கள். மெலித்தா தீவில் புபிலியுவின் தகப்பன் காய்ச்சலில் கிடந்தபோது பவுல் ஜெபித்துக் கைவைத்தார், குணமானது. அதே பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்ததாக எழுதுகிறார். ஒரே வரி. ஏன் குணமாகவில்லை என்ற விளக்கம் கிடையாது. துரோப்பீமுவுக்கு விசுவாசம் போதவில்லை என்ற குற்றச்சாட்டும் கிடையாது. தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னவரும் பவுல்தான். அவர் கூடவே இருந்த லூக்கா ஒரு வைத்தியர். வைத்தியம் பார்த்தால் விசுவாசக்குறைவு என்று அந்தக் கூட்டத்தில் யாரும் நினைக்கவில்லை.

அடுத்து அந்த "விசுவாசம் குறைவு" என்ற பேச்சு. அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தைத் திறந்து மெதுவாக வாசியுங்கள். நான் பலமுறை திரும்பிப்போகிற இடம் அது. ஏரோது ராஜா யோவானின் சகோதரனான யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றுபோடுகிறான். ஒரு வசனத்தில் முடிந்துவிடுகிறது. அடுத்து பேதுருவைச் சிறையில் போடுகிறான். சபை ஊக்கமாக ஜெபிக்கிறது, தூதன் வருகிறான், சங்கிலி கழன்று விழுகிறது, பேதுரு வெளியே வந்துவிடுகிறார். யாக்கோபுக்காக ஜெபித்தார்கள் என்று லூக்கா எழுதவில்லை. ஆனால் கூடவே இருந்த மனுஷன் பிடிபட்டபோது அந்த ஜனங்கள் சும்மாவா இருந்திருப்பார்கள்? நிச்சயம் ஜெபித்திருப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அந்த ஜெபக்கூட்டம் எப்படிப்பட்டது என்பதையும் அதே அதிகாரம் காட்டுகிறது. விடுதலையான பேதுரு மாற்கின் தாயார் மரியாள் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுகிறார். ரோதை என்கிற வேலைக்காரப் பெண் குரலை அடையாளம் கண்டு, சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடிச் சொல்கிறாள். பேதுருவுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் "நீ பிதற்றுகிறாய்" என்கிறார்கள். கேட்டது வாசலில் நிற்கிறது, அவர்களால் நம்ப முடியவில்லை. அவர்கள் விசுவாசம் அவ்வளவுதான். ஆனாலும் பேதுரு வந்துவிட்டார். விசுவாசத்தைத் தராசில் வைத்துத்தான் பதில் வருகிறது என்றால் இந்த ஜெபம் முதலிலேயே தோற்றிருக்கவேண்டும். காதுபடப் பேசினவருக்கு இதைக் காட்டுங்கள். காட்டத் தெம்பில்லை என்றால் விட்டுவிடுங்கள், உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

அப்படியானால் யாக்கோபுக்கு மட்டும் ஏன் அப்படி? எனக்குத் தெரியவில்லை. எல்லாம் நன்மைக்குத்தான் என்று உங்கள் வாசலில் நின்று சொல்ல எனக்கு வாய் வராது. உயிர்த்தெழுதலை நான் முழு மனதோடு நம்புகிறேன். உங்கள் கணவரை நீங்கள் திரும்பப் பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆனால் நீங்கள் கேட்டது அவர் இந்த வருஷம் வீட்டில் இருக்கவேண்டும் என்று. அது கிடைக்கவில்லை. அதைக் கிடைத்துவிட்டதாக மாற்றிப் பேசினால் அது உங்களுக்குச் செய்கிற அநியாயம்.

என் பாட்டியும் பேராக் தோட்டத்துக்காரிதான். 1942, 43இல் ஜப்பான்காரர்கள் தோட்டம் தோட்டமாக ஆட்களை ரயிலேற்றிக்கொண்டு போய் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவில் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடவைத்தார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் பல்லாயிரம் தமிழர்கள் அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள். பாட்டியின் தம்பியும் போனார், வரவில்லை. லயத்து வீட்டு முன்திண்ணையான அஞ்சடியில் பாயை விரித்துக் குடும்ப ஜெபம் நடக்கும். நான் சிறுமியாக இருந்தபோதும் பாட்டி ஒவ்வொரு பெயராகச் சொல்லி வருவார். தம்பி பெயர் வந்ததும் நிறுத்துவார். பிறகு, "இவனை என்ன பண்ணினீர் ஆண்டவரே, நீர் இன்னும் எனக்குச் சொல்லவில்லை" என்பார். கோபமாகத்தான் சொல்வார். அப்புறம் அடுத்த பெயர். அதைக் கேட்டு வளர்ந்ததால் ஆண்டவரிடம் கோபமாகப் பேசுவதும் ஜெபம்தான் என்று எனக்கு யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நம் சபைகளில் சாட்சி நேரம் என்று ஒன்று வைக்கிறோம். வேலை கிடைத்தவர், கட்டி கரைந்தவர், வீட்டு லோன் கிடைத்தவர் மைக் பிடிக்கிறார்கள். சந்தோஷம். கிடைக்காதவருக்கு மைக் கிடையாது. சங்கீதப் புஸ்தகம் அப்படி இல்லை. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று முறையீடு. பெரும்பாலானவை கடைசியில் ஸ்தோத்திரத்துக்குத் திரும்பிவிடும். 88ஆம் சங்கீதம் திரும்பாது. எனக்கு ஏன் உமது முகத்தை மறைக்கிறீர் என்று கேட்டு, இருட்டிலேயே முடிந்துவிடும். அதையும் வேதத்திலிருந்து யாரும் எடுத்துவிடவில்லை. இனி எப்படி ஜெபிக்கிறது என்று கேட்டீர்கள். ராத்திரி தூக்கம் வராதபோது 88ஐச் சத்தமாக வாசியுங்கள். நடுவில் உங்கள் கணவர் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிவில் ஸ்தோத்திரம் சொல்ல வரவில்லை என்றால் சொல்லவேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை வாய் திறக்காததற்கும் கவலைப்படவேண்டாம். மாற்கு 2இல் நாலுபேர் கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்குகிறார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று இருக்கிறது. படுத்திருந்தவனுடைய விசுவாசத்தைப் பற்றித் தனியாக எதுவும் இல்லை. இப்போது படுத்திருப்பது நீங்கள். பக்கத்தில் நிற்பவர்கள் பாடட்டும், நீங்கள் உட்கார்ந்திருங்கள். திருவிருந்துக்கு மட்டும் எழுந்து போய்க் கையை நீட்டுங்கள். ஜெபக்கூட்டத்துக்குக் கொஞ்ச மாதம் போகாவிட்டாலும் பரவாயில்லை.

மகனிடம் வாதாடாதீர்கள். "எனக்கும் தெரியவில்லை அய்யா, நானும் அவரிடம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லுங்கள். லாசரு செத்தபோது மார்த்தாளும், "நீர் இங்கே இருந்தீரானால்" என்று நேருக்கு நேர் கேட்டாள். இயேசு அவளைக் கடிந்துகொள்ளவில்லை. உங்கள் மகன் கேட்பதும் கிட்டத்தட்ட அதே கேள்விதான். அப்பாவை நேசித்த பிள்ளை கேட்காமல் இருப்பானா?

கடைசியாக, அந்த ஜெபக்கூட்டத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒன்று. யோபின் நண்பர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கெடுத்தார்கள். எனக்குக் கோபம் மூளுகிறது என்று கர்த்தர் கடைசியில் சொன்னது அவர்களிடம்தான். இந்த வீட்டில் ஒரு பையனுக்கு எஸ்.பி.எம். பரீட்சை வருகிறது. டியூஷனுக்குக் கொண்டுபோய் விட அப்பா இல்லை. உங்களில் யாரிடமாவது கார் இருக்கும்.

அன்புடன்,
அக்கா