வலி குறைந்துவிட்டால் எக்ஸ்ரே வேண்டாமா?

கேள்வி: என் மகனுக்கு 22 வயது, நல்ல உயரம், ஒல்லியான உடல்வாகு. நான்கு நாட்களுக்கு முன் உட்கார்ந்திருந்தபோதே இடப்பக்க நெஞ்சில் சுருக்கென்று வலி வந்து தோள்பட்டை வரை பரவியது. ஈசிஜி சரியாக இருந்ததால் வாயுப் பிடிப்பு என்று மாத்திரை கொடுத்தார்கள். மறுநாளே வலி குறைந்துவிட்டது. ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அடுத்த வாரம் விமானத்தில் டெல்லி செல்லலாமா? – வாசகி, வேளச்சேரி

பதில்: முதலில், இன்றே மகனுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள், நுரையீரல் சுருங்கிப்போகும் நியூமோதோராக்ஸ் என்ற பாதிப்போடு பொருந்துகின்றன. உயரமான, ஒல்லியான இளைஞர்களுக்கு, குறிப்பாகப் புகைபிடிப்பவர்களுக்கு, நுரையீரலின் மேல்நுனியில் உள்ள சிறு காற்றுக் கொப்புளம் உடைந்து, வெளியேறும் காற்று மார்புச் சுவருக்கும் நுரையீரலுக்கும் இடையே தேங்கிவிடுவதுண்டு.

இதில் ஏமாற்றுவது வலிதான். காற்று அப்படியே தேங்கியிருந்தாலும், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வலி தணிந்துவிடும். மறுபக்க நுரையீரல் ஈடுகொடுப்பதால் ஆக்ஸிமீட்டர் 97, 98 என்றே காட்டலாம். கசிவு சிறிதாக இருந்தால் ஸ்டெதாஸ்கோப்பிலும் வித்தியாசம் தெரியாது. ஈசிஜி இயல்பாக இருப்பதை வைத்து நுரையீரலும் நலம் என்று முடிவுகட்டவே கூடாது.

எக்ஸ்ரேயை நின்ற நிலையில் எடுக்கச் சொல்லுங்கள். படுத்திருந்தால் காற்று முன்பக்கம் பரவி, படத்தில் பிடிபடாமல் போகலாம். மருத்துவர் தேடுவது, நுரையீரலின் விளிம்பில் முடியளவு மெல்லிய வெண்கோட்டையும், அதற்கு வெளியே ரத்தக்குழாய் நிழலே இல்லாத கறுப்புப் பகுதியையும். தோல் மடிப்பும் சில சமயம் அப்படிக் கோடு காட்டும் என்பதால், சந்தேகம் இருந்தால் அல்ட்ராசவுண்டோ சிடி ஸ்கேனோ தேவைப்படும். பல ஆண்டுகள் புகைபிடித்த முதியவர்களுக்கு சிடி இன்னும் முக்கியம். நுரையீரலுக்குள்ளேயே இருக்கும் பெரிய காற்றுப் பையைக் கசிவென்று எண்ணி, காற்றை வெளியேற்ற மார்பில் குழாய் செருகினால் ஆபத்து.

மூச்சுத்திணறல் கூடினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, மயக்கம் வந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். அந்நிலையில் எக்ஸ்ரேக்குக் காத்திராமல் ஊசி வழியே காற்றை வெளியேற்ற வேண்டியிருக்கும்.

பாதிப்பு உறுதியானால் டெல்லிப் பயணத்தைத் தள்ளிவையுங்கள். உயரத்தில் விமானத்துக்குள் காற்றழுத்தம் குறையும்போது, தேங்கிய காற்று விரிவடையும். நுரையீரல் முழுமையாக விரிந்துவிட்டதை எக்ஸ்ரே காட்டிய பிறகும் குறைந்தது ஒரு வாரமாவது பொறுப்பதே நல்லது.

தாம்பரம் சானடோரியத்தில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை உள்ளது. வேளச்சேரியிலிருந்து அதிகத் தொலைவில்லை. சிறிய கசிவென்றால் கண்காணிப்பே போதுமானதாக இருக்கலாம். ஆனால் இது திரும்ப வரக்கூடியது. ஆகவே புகைப்பழக்கம் உண்டா என்று மகனிடம் கோபப்படாமல் கேளுங்கள், இருந்தால் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம்.